வில்லனுக்கு என் பேரு

8.6.99 செவ்வாய்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கரண்டு போனது போனதுதான், மத்தியானம் ஆகியும் வரவில்லை. சால்டரிங் வைக்க வழியில்லாமல் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

வேலை மட்டும் குவிகிறது. எல்லாம் ரேடியோ. பரணில் போட்டு மறந்த செட்டுகளை எல்லாம் தூசி தட்டிக் கொண்டு வருகிறார்கள். கார்கில் செய்தி கேட்கணும். கரண்டு இருந்தால்தானே டி.வி.? பெரம்பலூரில் கடை போட்டதில் இருந்து இப்படி ஒரு கூட்டம் பார்த்ததில்லை. சந்தோஷப்படவும் மனசு வரவில்லை. அங்கே பிள்ளைகள் சாகிறார்கள், இங்கே எனக்கு வியாபாரம்.

மிலிட்டரி ரங்கசாமி அண்ணன் செட்டும் வந்திருக்கிறது. எதிர்ச் சந்துக்காரர். பட்டாளத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர். மகன் சிவாவும் பட்டாளம், இப்போது அங்கேதான், மேலே பனியில். கடுதாசி வந்து ரொம்ப நாளாகிறது. முகத்தில் சவரம் இல்லை. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"அமீனு, செய்தி கேக்காம ஒரு வாய் சோறு எறங்கலடா."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள தந்துடறேண்ணே."

வாங்க: ஈயம், ஸ்பிரிட், பேண்டு சுவிட்ச் (ரங்கசாமி அண்ணன் செட்டுக்கு, திருச்சியில்தான் கிடைக்கும்), ஜைனப் கேட்ட கொத்தமல்லி விதை.

10.6 வியாழன்

லெப்பைக்குடிக்காடு, மாமியார் வீட்டுக்குப் போய் வந்தேன். சார்ஜாவில் இருந்து தம்பி கொடுத்தனுப்பிய வீடியோ கேசட்டுகள் வந்து கிடந்தன. எல்லாம் இரண்டாம் உலகச் சண்டைக் காலத்துப் படங்கள். நான் கேட்டதுதான். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

கடை திறப்பதற்குள் செல்வராஜ் வந்து நிற்கிறான். கூட்டுறவு பேங்க் கிளார்க்குக்கு சினிமா மேல் இவ்வளவு கிறுக்கு ஆகாது. கடை மாடி ஹாலில் மாசம் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டுப் படம் போடுகிறோமே, அதற்கு 'திரைவட்டம்' என்று பேர் வைத்ததும் அவன்தான். டி.வி., டெக், குரல் மூன்றும் என்னுடையது. சவுண்டைக் குறைத்துவிட்டு மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் தமிழில் நான் பேசணும். கிழவி, குழந்தை, ராஜா, திருடன், எல்லாமே நான்.

செ. ஒவ்வொரு அட்டையாகப் பார்த்து ஒன்றை எடுத்தான். "ஒற்றன் படம்! இந்த நேரத்துக்கு இதான் அமீன். கூட்டம் அள்ளும்."

எனக்கும் அதுதான் ஆசை. ஆனாலும் அவன் சொல்லட்டும் என்று இருந்தேன்.

12.6 சனி

படத்தை இரண்டு தடவை பார்த்தாயிற்று. கறுப்பு வெள்ளை. அந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, ஒரு வெள்ளைக்கார நாட்டு அரசாங்கம் தன் ஜனங்களுக்குக் காட்ட எடுக்கச் சொன்ன படம்.

கதை: குளிரான கடலோர ஊர். அங்கே ஒரு ரேடியோ ரிப்பேர்காரன், தங்கமான ஆள். விதவைகளுக்குச் சும்மா ரிப்பேர் பண்ணித் தருவான், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பான். அவன்தான் எதிரியின் ஒற்றன். கடையின் பின்ரூமில் இருந்து கப்பல் போகிற வருகிற சேதியை அனுப்புகிறான்.

நாளைக்கு நினைவு வைக்க:

பின்ரூமுக்குள் காமிரா போகும்போது பின்னணி இசை நின்றுவிடுகிறது. நானும் அங்கே பேச்சை நிறுத்தணும்.

தபாலாபீஸ் அம்மாவுக்குக் கட்டைக் குரல்.

கரையில் காவல் நிற்கும் சின்னப் பையன் சிப்பாய். ஜனங்களுக்கு இவனைத்தான் பிடிக்கும். ஒற்றன் அனுப்பிய சேதியால் சாகிறான். இங்கே அவசரப்படாதே.

கடைசியில் திரையில் வரும் எழுத்தை நிறுத்திப் படி.

கெட்டிக்காரப் பயல்கள். பிரசாரம் என்றால் கொடியும் கோஷமும் என்று நினைத்திருந்தேன். இதில் அதெல்லாம் கொஞ்சம்தான். ஊரிலேயே நல்ல முகத்தை வில்லனுக்குக் கொடுத்துவிட்டார்கள். படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் யாரைச் சந்தேகப்படுவான்? நல்லவனாக இருக்கிறவனை. ரசித்துப் பார்த்தேன், பொய் சொல்வானேன்.

ஜைனப் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவ வில்லனுக்கு வேற பேரு வைங்களேன்."

"ஏன்?"

"ரேடியோ கடைக்காரன்ங்கிறீங்க. சண்டை நேரம் வேற."

வெள்ளைக்காரப் பேர் நம் ஜனங்கள் வாயில் நுழையாது. அதனால் படத்தில் வரும் ஆட்களுக்கு ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களின் பேரையே வைத்துவிடுவோம். அதில் ஒரு கும்மாளம். வில்லனுக்கு மட்டும் யார் பேரை வைத்தாலும் சண்டைக்கு வருவார்கள். ஆக வில்லன் எப்போதும் அமீன். பேங்க் கொள்ளைக்காரன் அமீன், பெண்டாட்டிக்கு விஷம் வைத்த அமீன். 'அமீன் வந்துட்டாண்டா' என்று சிரிப்பார்கள்.

"சிரிக்கத்தான் போறாங்க ஜைனப்," என்றேன். அவள் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டினாள்.

14.6 திங்கள்

நேற்றைய ஷோ. நடந்ததை நடந்தபடி எழுதணும்.

நல்ல கூட்டம். ரெட்டிபாளையத்து சிமெண்டு ஃபாக்டரியில் இருந்து ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து வந்தவர்கள்கூட இருந்தார்கள். ரங்கசாமி அண்ணன் முன் வரிசையில். அவர் செட்டுக்கு பேண்டு சுவிட்ச் இன்னும் வரவில்லை, அதனால் நானே போய் 'படம் பாக்க வாங்கண்ணே, மனசு மாறும்' என்று கூப்பிட்டேன்.

பேர் வைக்க ஆரம்பித்தேன். தபாலாபீஸ் அம்மாவுக்கு கோமதி டீச்சர் பேர். ஒரே சிரிப்பு. சிப்பாய்ப் பையன் வந்தான். நான் வாய் திறப்பதற்குள் பின்னால் இருந்து ஒரு குரல்:

"பாய், நம்ம மிலிட்டரிக்காரர் மகன் பேர வைங்க! சிவா!"

கை தட்டினார்கள். ரங்கசாமி அண்ணன் திரும்பிப் பார்த்து மீசையைத் தடவினார். பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு. அந்தப் பையன் சாவான் என்று அந்த ஹாலில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். மைக்கில் என்ன பதில் சொல்ல? சரி, சமாளித்துக்கொள்ளலாம் என்று 'சிவா' என்றே சொல்லிவிட்டேன்.

ரேடியோ கடைக்காரன் வந்தான். "வேற யாரு, நம்ம அமீன்தான்," என்றேன். சிரித்தார்கள். முதலில் நன்றாகவே சிரித்தார்கள். பின்ரூம் சீன் வந்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குனிகிறான். இசை நின்றது. நானும் பேச்சை நிறுத்தினேன். ஹாலில் ஒரு இருமல்கூட இல்லை. அதற்குப் பிறகு 'அமீன்' என்று நான் சொன்ன ஒரு இடத்திலும் சிரிப்பு வரவில்லை. நான் ஒரு மடையன், அதைப் படத்தின் வெற்றி என்று நினைத்தேன்.

பிறகு படகில் எதிரிகள் வந்தார்கள். சிவாவைச் சுட்டார்கள். மணலில் கிடக்கிறான். நாலு பேர் வந்து முகத்தை மூடிக் கொடியைப் போர்த்துகிறார்கள், நெஞ்சின் மேல் தொப்பியை வைக்கிறார்கள். என் முன்னால் ரங்கசாமி அண்ணனின் பின்னந்தலை. என் வாய் தானாகப் பேசியது:

"சிவாவுக்குப் பலத்த அடி. ஆனா உயிருக்கு ஒண்ணும் ஆபத்தில்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க."

அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியாதா, கொடி எதற்குப் போர்த்துவார்கள் என்று?

கடைசியில் ஊரே கடையைச் சூழ்ந்துகொண்டு அவனைப் பிடிக்கிறது. கை தட்டல், விசில். திரையில் எழுத்து வந்தது. நிறுத்தி, அழுத்திப் படித்தேன்: "உங்க பக்கத்து வீட்டுக்காரர உங்களுக்கு எவ்வளவு தெரியும்?" நல்ல குரலில் படித்தேன். என் குரல் மேல் எனக்கு அப்படி ஒரு மப்பு.

படி இறங்கும்போது யாரோ யாரிடமோ: "மொட்டமாடியில எவ்ளோ ஒசரத்துக்குக் கம்பி நட்டுருக்கான் பாத்தியா?"

அது ஏரியல்.

15.6 செவ்வாய்

காற்று கிளம்பிவிட்டது, ஒரே புழுதி. ரிப்பேருக்கு ஒருவரும் வரவில்லை. ரிப்பேர் ஆகாத செட்டை இரண்டு பேர் திருப்பி வாங்கிப் போனார்கள். ஒருவர் 'ஊருக்குப் போறோம்' என்றார். அவருக்குப் போக ஊர் ஏது?

டீக்கடையில் நான் போனதும் பேச்சு நின்றது. டீ மட்டும் வழக்கம்போலச் சூடாக வந்தது.

17.6 வியாழன்

திருச்சியில் இருந்து பேண்டு சுவிட்ச் வந்தது. காலையில் முதல் வேலையாக ரங்கசாமி அண்ணன் செட்டைப் பிரித்தேன். பாதியில் அவரே வந்து நின்றார்.

"குடு."

"இன்னும் கொஞ்ச நேரம்தாண்ணே. சுவிட்ச் வந்துடுச்சு."

"பிரிச்சது பிரிச்சபடி குடு."

மூடியைத் தனியாக, ஸ்குரூவைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.

"செத்தவன செத்தான்னு சொல்லாம மறச்சியே, ஏன்? அத்தன பேரு கண்ணு முன்னால நடக்கறதயே மாத்திச் சொல்றவன், கண்ணுக்குத் தெரியாம என்னல்லாம் பண்ணுவான்?"

வாயில் பதில் இருந்தது. 'உங்க மகன் பேருண்ணே' என்று ஒரே வரி. கடை வாசலில், போகிறவர் வருகிறவர் பார்க்க, அவர் மகனையும் சாவையும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் எப்படிச் சொல்வது? நின்றேன். நான் நின்றதே அவருக்குப் பதிலாகிவிட்டது.

ஜைனப்பிடம் சொல்லவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

18.6 வெள்ளி

ஜும்மா முடிந்து தொப்பியை மடித்துக்கொண்டே வருகிறேன், கடை வாசலில் கான்ஸ்டபிள். "எஸ்.ஐ. கூப்பிடறாரு. அந்தக் கேசட்டையும் எடுத்துக்கிட்டு வாங்க."

ரோடு முழுக்க வேடிக்கை. அவர் முன்னால் சைக்கிளில், நான் பின்னால் நடந்து.

எஸ்.ஐ. சின்ன வயசு, நிதானமானவர். உட்காரச் சொன்னார். மனு வந்திருக்கிறது என்றார். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை. சொல்லித்தான் தெரியணுமா?

மாடியில் கம்பி எதற்கு, பின்ரூமில் என்ன, வெளிநாட்டில் இருந்து யார் போன் பண்ணுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கம்பி, தூரத்து ரேடியோ ஸ்டேஷன் இழுக்க. பின்ரூமில் பழைய வால்வு செட்டுகள், தண்ணிப் பானை, தொழுகைப் பாய். போன் என் தம்பி. 'ஆமாங்க சார், இல்லீங்க சார்' என்று மரியாதையாகத்தான் பேசினேன்.

ஓரமாக நின்ற கான்ஸ்டபிள், அவரும் ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்தவர், குனிந்து எஸ்.ஐ. காதில் சொன்னது எனக்கும் கேட்டது:

"படத்துலகூட இப்படித்தான் சார். ரொம்ப மரியாதையாப் பேசுவான்."

எஸ்.ஐ. சிரிக்கவில்லை. கத்தினால் திமிர், பணிந்தால் நடிப்பு. இனி எப்படித்தான் பேசுவது?

கேசட்டையும் கடையில் இருந்த ஹெட்போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஊரை விட்டு எங்கேயும் போகக் கூடாதாம்.

19.6 சனி

கட்டிட ஓனர் நடேசன் வந்தார். கடையும் அவருடையது, மாடி ஹாலும் அவருடையது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்லங்க பாய். ஆனா நாலு பேரு நாலு விதமாக் கேக்கறாங்க. போலீஸ் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா நீங்க பாட்டுக்கு இருங்க. இல்லாட்டி ஆடி பொறக்கறதுக்குள்ள எடத்தக் காலி பண்ணிக் குடுத்துடுங்க."

நல்லபடியாகத்தான் சொன்னார். அதுதான் எரிச்சல். ஏறுக்கு மாறாகப் பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

இந்தக் கடை போனால் இந்த ஊரில் எனக்கு வேறு யார் கடை தருவார்கள்? தர மாட்டார்கள். ஊரை விட்டுப் போகணும். போனால், 'பாத்தியா, ஓடிட்டான்' என்பார்கள்.

21.6 திங்கள்

தம்பி போன். யாரோ அங்கேவரைக்கும் சொல்லிவிட்டார்கள். "அண்ணே, விசா நான் பாக்கறேன், நீங்க கெளம்பி வந்துடுங்க." ஜைனப்புக்கும் அதே எண்ணம், வாய்விட்டுச் சொல்லவில்லை. லெப்பைக்குடிக்காட்டில் அவள் அம்மா வீட்டு மாடி காலியாக இருப்பதைப் பற்றி மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் ஏன் போகணும்? என் அத்தா இந்த ஊர் பழைய பஸ் ஸ்டாண்டில் குடை ரிப்பேர் பண்ணியவர். நான் படித்தது இங்கே, அடி வாங்கியது இங்கே. கத்தினேன். பாவம், அவள் மேல் கத்தி என்ன ஆகப்போகிறது? பிறகு நானே போய் டீ போட்டுக் கொடுத்தேன்.

கடையில் ஈ ஓட்டும்போது யோசித்தது: படத்தில் காமிரா அந்த ஆளின் பின்ரூமுக்குள் போய் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது. பார்க்கிறவனுக்குச் சந்தேகமே இல்லை. என் பின்ரூமுக்குக் காமிரா வராது. அதனால் ஆளாளுக்கு ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் படத்துக்கு வசனம் நான் எழுதிக் கொடுத்தது.

செ. சாயங்காலம் வந்தான். பேங்கிலும் கேட்கிறார்களாம். "ஜூலைல அடுத்த ஷோ. அதுக்கு நான் பேசறேன் அமீன். நீ கொஞ்ச நாள் கீழ உக்காந்து பாரு." என் நல்லதுக்குத்தான் சொல்கிறான். தலையாட்டினேன். மைக்கைக் கேட்டால் கொடுத்துவிடலாம், அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். அவன் போன பிறகு மைக்கைத் துணியால் துடைத்து வைத்தேன்.

23.6 புதன்

இன்று மறக்க முடியாது.

காலையில் கான்ஸ்டபிள் வந்தார். டி.வி.யையும் டெக்கையும் ஸ்டேஷனுக்கு எடுத்து வரணுமாம். படத்தை எஸ்.ஐ. பார்க்கணுமாம். அன்றைக்கு நான் என்ன பேசினேனோ அதை அப்படியே பேசிக் காட்டணுமாம். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். செ. லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தான், அதை எழுதாவிட்டால் பாவம்.

உள்ளே ரங்கசாமி அண்ணன் பெஞ்சில். என்னைப் பார்க்கவில்லை.

மைக் இல்லை. கான்ஸ்டபிள் நான் சொல்வதை எழுத உட்கார்ந்தார். படம் ஓடியது. ரேடியோ கடைக்காரன் வந்தான்.

"இவன் பேரு என்ன சொன்னீங்க?" எஸ்.ஐ.

"அமீன் சார்."

"அது உங்க பேராச்சே. யாரு வைக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். எந்தப் படம்னாலும் வில்லனுக்கு என் பேருதான். வேற யாரு பேரு வச்சாலும் கோவிச்சுக்குவாங்க சார்."

"சரி, இப்ப வேற ஒரு பேரு வைங்க பாப்போம்."

சுற்றிப் பார்த்தேன். கான்ஸ்டபிள் காகிதத்துக்குள் முகத்தை விட்டுக்கொண்டார். ஸ்டேஷன் ரைட்டர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். நான் எஸ்.ஐ.யையே பார்த்தேன். அவர் சட்டையில் குத்தியிருந்த பேர்ப் பட்டையைக் கையால் தடவிக்கொண்டார்.

"சரி, சரி. மேல போங்க."

பின்ரூம் சீன். அன்றைக்குப் பேசியபடியே பேசினேன்: "அமீன் சொல்றான், 'நாளைக்கு விடியக்காலம் கப்பல் கெளம்புது, நம்மாளுங்க தயாரா இருக்கட்டும்.'" பேனா கரகரவென்று ஓடியது. எட்டிப் பார்த்த எஸ்.ஐ.க்குக் கோபம் வந்துவிட்டது.

"யோவ், அதயா எழுதற? அது படத்துல வர்ற ஆளு சொல்றதுய்யா!"

"அமீன்னுதான சார் சொன்னாரு?"

செ. மட்டும் சிரித்தான். அந்தக் காகிதத்தில் என் பேரும் அந்த வாக்கியமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. எஸ்.ஐ. காகிதத்தை வாங்கி அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். வேறு எஸ்.ஐ.யாக இருந்தால்?

அப்புறம் மணல். சுட்டார்கள். கொடி. நான் சொல்லணும்.

"சிவாவுக்குப் பலத்த அடி. உயிருக்கு ஆபத்தில்ல. ஆஸ்பத்திரிக்கு..."

"பொய்!" ரங்கசாமி அண்ணன் எழுந்துவிட்டார். "சார், நீங்களே பாருங்க. மூஞ்சிய மூடிக் கொடி போத்தறான். இது ஆஸ்பத்திரியா சார்? நானும் பட்டாளத்துல இருந்தவன். என் காதுலயே பூ சுத்தறான்."

எஸ்.ஐ. என் பக்கம் திரும்பினார். "ஏன்யா மாத்திச் சொன்ன?" இதுவரைக்கும் 'நீங்க' என்றவர்.

இனி மறைக்க முடியாது. "சார், அந்தப் பையனுக்கு இவரு மகன் பேர வச்சுட்டாங்க. இவரு முன்னால உக்காந்திருக்காரு. இவரு மகன் இப்ப மேல பனியில இருக்கான். அவன் செத்துட்டான்னு, இவரு காதுபட, மைக்குல நான் எப்படி சார் சொல்லுவேன்?"

படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அலை சத்தம்.

ரங்கசாமி அண்ணன் கீழே பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, அவர் குரலே இல்லை அது:

"சொல்லு அமீனு. படத்துலதான. நீ சொல்லாம வுட்டதுல இருந்து எனக்கு அந்தக் கொடிதான் கண்ணு முன்னால நிக்குது. சொல்லித் தொலச்சுடு. போயிடும்."

வாயைத் திறந்தேன். "அந்தப் பையன்..." என்றேன்.

"பேரச் சொல்லு."

முடியவில்லை. சத்தியமாக முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. எஸ்.ஐ. எழுந்துபோய் டெக்கை நிறுத்தினார். ரங்கசாமி அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

25.6 வெள்ளி

ரங்கசாமி அண்ணன் மனுவை வாபஸ் வாங்கிவிட்டாராம். எஸ்.ஐ. கேசட்டையும் ஹெட்போனையும் திருப்பிக் கொடுத்தார். "ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க பாய்," என்றார். மறுபடியும் 'நீங்க'.

நடேசனிடம் சொன்னேன். "அதான் நான் அப்பவே நெனச்சேன்," என்றார். எப்போது நினைத்தாராம்? சரி, கடை இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

ஜைனப் இன்று கறி எடுக்கச் சொன்னாள். லெப்பைக்குடிக்காட்டு மாடியைப் பற்றிப் பேச்சில்லை.

2.7 வெள்ளி

லேசாக மழை. செட்டு ஒன்றிரண்டு வருகிறது.

டீக்கடையில் கேள்விப்பட்டது: சிவாவிடம் இருந்து கடுதாசி வந்துவிட்டது. நன்றாக இருக்கிறானாம், விரல் மட்டும் குளிரில் மரத்துப்போச்சாம். அங்கேயே கண்ணை மூடி துஆ கேட்டேன். உடனே ஓடிப்போய் ரங்கசாமி அண்ணனைப் பார்க்கணும் போல இருந்தது. சந்து முனை வரைக்கும் போனேன். வாசலில் அவர் செட்டு பாடிக்கொண்டிருந்தது. அரியலூருக்கு பஸ்ஸில் தூக்கிப் போய் ரிப்பேர் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். அப்படியே திரும்பிவிட்டேன்.

பேண்டு சுவிட்ச் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. வேறு செட்டுக்கு ஆகும்.

11.7 ஞாயிறு

இப்போதுதான் ஷோ முடிந்து வந்தேன். புழுக்கம். ஜைனப் தொழுகிறாள்.

பேசியது செ. நான் டெக்கைப் போட்டுவிட்டு, நாலாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன். படம் அதே மாதிரிதான், இன்னொரு நாட்டு ஒற்றன் கதை. இதை வேண்டாம் என்று நான் சொன்னேன். 'நிறுத்திட்டா தப்பு பண்ணின மாதிரி ஆயிடும் அமீன்' என்றான். அதுவும் நியாயம்தான். நல்ல கூட்டம். ரங்கசாமி அண்ணனும் வந்திருந்தார், முன் வரிசையில் இல்லை, கதவு ஓரம்.

செ.க்குக் குரல் நடுங்கியது. முதல் தடவை அப்படித்தான் இருக்கும். பேர் வைத்துக்கொண்டே வந்தான். ஒற்றன் திரையில் வந்தான். தொப்பியும் சுருட்டுமாக. செ. ஒரு நிமிஷம் நிறுத்தினான். எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருக்க முயற்சி பண்ணுவது தெரிந்தது.

"இவன் பேரு," என்றான் செ., "செல்வராஜ்!"

ஹால் அதிர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பு. ஒருத்தர் நாற்காலியைத் தட்டிச் சிரிக்கிறார். "பேங்குல போட்ட காசு போச்சுடா!" என்று ஒரு குரல், அதற்கும் சிரிப்பு. கதவு ஓரத்தில் ரங்கசாமி அண்ணனுக்குக்கூட மீசை அசைந்தது. அதற்குப் பிறகு படம் முழுக்க 'செல்வராஜ்' என்று வரும் இடமெல்லாம் சிரிப்புதான். ஒற்றன் பின்ரூமுக்குள் போனபோதும் சிரித்தார்கள். துப்பாக்கியை எடுத்தபோதும் சிரித்தார்கள்.

எனக்காகத்தான் செய்தான். என் பாரத்தைத் தான் வாங்கிக்கொள்வதாக நினைத்துச் செய்தான். அவனைக் கட்டிப் பிடித்துக்கொள்ளணும் போலவும் இருந்தது, அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமலும் இருந்தது. அந்தச் சிரிப்பு எனக்கும் இருந்ததே. இரண்டு வருஷம் இருந்தது. அவனுக்கு சண்டை நேரத்திலும் இருக்கிறது.

நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கவனிப்பார்கள்.

முடிந்ததும் மைக்கைச் சுருட்டிக்கொண்டே வந்தான். வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது, முகமெல்லாம் சந்தோஷம்.

"எப்படி அமீன்? சரியா வந்துச்சா?"

"நல்லா வந்துச்சு," என்றேன். "சவுண்டு மட்டும் கொஞ்சம் கூட."